மேட்டு வீட்டு நீலக்கோடு

அந்தப் பொண்ணு என்னை விசாரிச்சுதுன்னு சொன்னீங்க பாருங்க, அத்தோட நிறுத்திக்குங்க தம்பி. சுபாஷினின்ற பேரு இந்த வீட்டுல இனிமே வேணாம். நீங்க ஆபீஸ் வேலையா வந்திருக்கீங்க, வெயில்ல மேடு ஏறி வந்திருக்கீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. சுனாமி வரைபடத்தைத் திருத்தணும்னா சுவத்துல இருக்கற கோட்டைப் பார்க்கணும், அளக்கணும், அவ்வளவுதானே. அதோ இருக்கு, கதவுக்குப் பக்கத்துல, நீலக் கலர்ல. நான் ஒண்ணும் தடுக்கல. ஆனா திரும்பிப் போயி அவ கேட்டா, பூங்காவனம் அத்தை செத்துட்டான்னு சொல்லிடுங்க.

என்ன பண்ணினான்னா கேக்கறீங்க? நம்ப வச்சுக் கழுத்தறுத்தா. அதைத்தான் பண்ணினா.

ரெண்டு வருஷம் முன்ன தடைக்காலத்துல வந்தா. சித்திரையில ஆரம்பிச்சா அறுபத்தோரு நாளு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஆம்பளைங்க எல்லாம் ஊருலயே கிடப்பாங்க. வலையைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு, சீட்டு ஆடிக்கிட்டு, பொண்டாட்டிங்க கிட்ட சண்டைக்கு நின்னுக்கிட்டு. அப்போ போனா எல்லாரையும் பிடிச்சுக் கேக்கலாம்னு எவனோ புத்திசாலி சொல்லி அனுப்பியிருக்கான். கூட ரெண்டு ஆளு. மூணு கால் மெஷினு ஒண்ணு, நீளக் கம்பு ஒண்ணு. அந்த ஆளுங்க டவுன்ல ரூம் எடுத்துக்கிட்டாங்க. இவ மட்டும் ஊருலதான் தங்குவேன்னு நின்னா. யாரு வீட்டுல இடம் இருக்குன்னு நாட்டாருங்க, அதான் ஊர்ப் பஞ்சாயத்துக்காரங்க, கேட்டாங்க. நான்தான் சொன்னேன், எங்க வீட்டுல இருக்கட்டும்னு. நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல.

எங்க பையன் வேலாயுதம் உப்பங்கழிக்கு அந்தாண்ட சுனாமி காலனி வீட்டுல இருக்கான். இங்க நானும் எங்க வீட்டுக்காரரும்தான். அவருக்கு அஞ்சு வருஷமா வலது பக்கம் விழுந்து போச்சு, பேச்சும் போச்சு. இடது கையில சாப்பிடுவாரு, இடது கையால கூப்பிடுவாரு, கோவம் வந்தா இடது கையால சுவத்தை அடிப்பாரு. தேசிங்குன்னு பேரு. ஒரு காலத்துல இந்தக் கரையில அவரு குரலைக் கேட்டா படகு திரும்பும்.

நாப்பது நாளு இருந்தா தம்பி. வந்தப்போ துடைப்பக் குச்சி மாதிரி இருந்தா. என் கையால கவலை மீனு குழம்பும், நெத்திலி வறுவலும் தின்னு கன்னம் வச்சுது. நடுவுல மூணு நாளு காய்ச்சல். ஆத்தா பக்கத்துல இல்லாத பொண்ணுன்னு நான் துணியை நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டேன். எனக்குப் பொண்ணு இல்லை. அவ அத்தைன்னு கூப்பிட்டா. கூப்பிடறப்போ அவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்போ நெனச்சாலும் வயிறு எரியுது.

அவ வேலை என்னன்னா வீடு வீடாப் போயி, தண்ணி எவ்வளவு உசரம் வந்துச்சு, எந்தப் பக்கமா வந்துச்சு, நீங்க எந்தப் பக்கம் ஓடினீங்கன்னு கேக்கறது. கேட்டதை எழுதிக்கிட்டு, சுவத்துல அடையாளம் இருந்தா மெஷினை வச்சு அளக்கறது. மொதல் நாளு ஒருத்தரும் வாயைத் தொறக்கல. இருவது வருஷமா எங்க ஊருல சுனாமி வந்த அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்தி யாரும் பேசறதில்ல தம்பி. பேசக் கூடாதுன்னு ஒண்ணும் ஊர்க்கட்டு கிடையாது, பேசறதில்ல, அவ்வளவுதான். அப்புறம் நான் கூடப் போனேன். "நம்ம பொண்ணுதான், சொல்லுங்க"ன்னேன். என் முகத்துக்காக சொன்னாங்க.

கனகவல்லி சொன்னா. எங்க வீட்டுக்காரரு தங்கச்சி. அதோ மேட்டுக்குக் கீழ, தகரக் கூரை தெரியுதே, அதான் அவ வீடு. கடலுக்கும் அவ வாசலுக்கும் இருநூறு அடி இருக்குமா? அவ புருஷன் கழிப்பாலத்துல போனாரு. ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பாலத்தைப் பார்த்து ஓடுச்சு. எல்லாரும் அப்படித்தானே ஓடுவாங்க. ஆனா தண்ணி முகத்துவாரத்துல நுழைஞ்சு கழி வழியா வந்து முன்னாடி மறிச்சுக்கிச்சு. பாலத்துல நின்னவங்களை அப்படியே வழிச்சுக்கிட்டுப் போச்சு. நம்ம ஊருல செத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு கடல்ல சாகல தம்பி, கழியில செத்தாங்க. அவரு கையை எந்த இடத்துல விட்டேன்னு கனகவல்லி அன்னிக்குத்தான் சொன்னா. எனக்கே அது வரைக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு எழுதறதை விட்டுட்டு அழுதுது. நானும் அழுதேன்.

அன்னிக்கு சாயங்காலம் இதே இடத்துல உக்காந்து, காகிதத்துல பென்சிலால போட்டுக் காட்டினா. தண்ணி வர்ற இடம் செவப்பு, வராத இடம் பச்சை. ஒவ்வொரு வீட்டுலயிருந்தும் பச்சைக்குப் போக எத்தனை நிமிஷம் ஆகும்னு பார்க்கணும். "கிட்டக்க ஒரு மேடு இருந்தாப் போதும் அத்தை, பாலத்தைத் தாண்டவே வேணாம்"னா. சொல்லிட்டு இந்த மேட்டைச் சுத்திச் சுத்திப் பார்த்தா. அப்புறம் சுவத்தைப் பார்த்தா. கோட்டைப் பார்த்தா.

அந்தக் கோட்டைப் பத்தியும் சொல்லிடறேன். அதைப் பெரிசா எடுத்துக்காதீங்க.

அந்த ஞாயித்துக்கிழமை நானும் அவரும் இந்த மேட்டு மேலதான் இருந்தோம். தண்ணி மேட்டுக்கு அடியில இருக்கற தாழம்புதரு வரைக்கும் வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. அங்கேயிருந்து இங்க ரெண்டு ஆளு உசரத்துக்கு மேல இருக்கும். எங்க வாசல்ல ஒரு சொட்டு விழல. கீழ ஜனங்க பாலத்தைப் பார்த்து ஓடறதைப் பார்த்துட்டு, இங்க வாங்க, இங்க வாங்கன்னு ரெண்டு பேரும் கத்தினோம். அவரு அப்படிக் கத்தினதை நான் அப்புறம் கேட்டதே இல்ல. அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? கடல் பக்கமா இருக்கற மேட்டுக்கு யாரு ஓடி வருவாங்க?

எட்டு நாளு முகாம்ல இருந்தோம். தண்ணி புகுந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் அந்தாண்ட காலனியில புது வீடு, ஆபீசருங்க வந்து சுவத்தைப் பார்த்து எழுதிக்கப் போறாங்கன்னு பேச்சு. வேலாயுதத்துக்குக் கல்யாண வயசு. வீடு இல்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஊரே முகாம்ல சாப்பாட்டு வரிசையில நிக்கற நேரத்துல மத்தியானமா இங்க வந்தேன். கழிச் சேத்தைக் கொண்டாந்து, தேங்காமட்டையால மாரு உசரத்துக்கு நாலு சுவத்துலயும் இழுத்தேன். அவரு அங்க அந்தப் பனைமரத்துக்குக் கீழ உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. நாங்க எப்படிப் பிழைச்சோம்னு கேட்டவங்களுக்கு, பனைமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம்னு சொன்னேன். ஆபீசருங்க வந்தாங்க, சேத்துக் கோட்டு மேலயே நீல பெயிண்ட்டை அடிச்சாங்க, நம்பரு எழுதினாங்க, போனாங்க. வெயிலு மழையில பெயிண்ட்டு வெளுத்தப்போ நானே ரெண்டு தரம் பூசியிருக்கேன். அரசாங்கம் போட்ட கோடு, அழியக் கூடாதில்ல.

தப்புன்னு சொல்றீங்களா? சொல்லுங்க. அப்போ எவன் பொய் சொல்லல? ஒரு வலை போனவன் மூணு வலைன்னான். இதுல யாரு குடி கெட்டுச்சு?

ஒண்ணே ஒண்ணு. மொத்தம் எண்பத்தாறு வீடுதான் வந்துச்சு, எண்பத்தேழு குடும்பம் இருந்துச்சு. எங்க ஊருல கல்யாணமான ஆம்பளை இருந்தாத்தான் அந்தக் குடும்பம் முழு வரி. புருஷன் இல்லாத பொம்பளைக்கு அரை வரி. எது வந்தாலும் முழு வரிக்குப் போக மிச்சம்தான் அரை வரிக்கு. கனகவல்லி அப்பத்தான் அரை வரி ஆனா. அவ பேரை எடுத்துட்டாங்க. நாட்டாருங்கதான் எடுத்தாங்க, நான் எடுக்கல. அவ மட்டும் பழைய இடத்துலயே தகரத்தைப் போட்டுக்கிட்டு இருந்துட்டா. இன்னி வரைக்கும் என்னைப் பார்த்தா, "கடல் உங்க மேட்டையே விடலையே அண்ணி, என் வீட்டை விடுமா"ம்பா. அவ நல்லவ.

சொல்ல வந்த கதையை விட்டுட்டேன். அந்தப் பொண்ணு கோட்டை அளந்தா. அளந்துட்டு உதட்டைக் கடிச்சா. மெஷினை இந்தப் பக்கம் வச்சா, அந்தப் பக்கம் வச்சா. அப்புறம் என் கிட்ட வந்து, இந்தக் கோடு நெசம்னா கனகவல்லி வீட்டுக் கூரைக்கு மேல இன்னும் ரெண்டு ஆளு உசரத்துக்குத் தண்ணி நின்னிருக்கணும், ஆனா அவங்க வீட்டுல கதவு நிலை உசரம்தானே வந்திருக்குன்னா. மெதுவாத்தான் கேட்டா. நான் விடுவேனா? அலை ஒரு இடத்துல படுக்கும், ஒரு இடத்துல பொங்கும், கழி வழியா வந்தது இந்த மேட்டுல மோதி ஏறிச்சு, டவுன்ல பொறந்த உனக்கு இது தெரியாதுன்னேன். அதையும் அப்படியே எழுதிக்கிட்டா. எழுதி அடிக்கோடு போட்டா, கீழ என் கைரேகையை வாங்கிக்கிட்டா.

மறுநாளும் கேட்டா. அதுக்கு மறுநாளு இவருக்கு முன்னாடி வச்சே கேட்டா. இவரு கட்டில்ல கிடந்தவரு தலையை ஆட்டினாரு. இல்ல இல்லன்னு ஆட்டினாரு. இடது கையால சுவத்தை அடிச்சாரு, தாழம்புதரு பக்கம் கையை நீட்டினாரு, கண்ணுல தண்ணி ஊத்துது. நான் சொன்னேன், அவருக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்தா இப்படித்தான், கலங்கிப் போயிடுவாருன்னு. அவ ஓடிப் போயி அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுக்குங்க பெரியவரேன்னா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

போறதுக்கு மொத நாளு, சாப்பிட்டுக்கிட்டே சொன்னா: "ஆபீஸ்ல எல்லாரும் ஜனங்க சொல்றதை விட்டுட்டு மெஷினை நம்புன்னுவாங்க அத்தை. நான் உங்களை நம்பறேன்."

அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

ஆறு மாசம் கழிச்சுப் படம் வந்துச்சு. கோயிலு முன்னாடி பெரிய பேனரா கட்டினாங்க. ஊரு முழுக்க செவப்பு. மேடும் செவப்பு. என் வீடு செவப்புக்கு நடுவுல. அம்புக்குறி எல்லாம் எங்க போவுது தெரியுமா? பாலத்துக்கு. எல்லா வீட்டு அம்புக்குறியும் பாலத்தைத் தாண்டி, அந்தாண்ட பள்ளிக்கூடத்துக்குப் போவுது. என் வீட்டுல சாப்பிட்டுட்டு, என் பாயில படுத்துட்டு, என் மேட்டைச் செவப்படிச்சுட்டா.

ஒத்திகை வச்சாங்க. சட்டை மேல சட்டை மாட்டின தொண்டருங்க வந்து, மேட்டுல யாரும் இருக்கக் கூடாதுன்னு எங்களை இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஒத்திகைதானேன்னு போனோம். கனகவல்லி ரெண்டு பேரப் புள்ளைங்களை இழுத்துக்கிட்டு பாலத்தைத் தாண்டறதுக்கு அரை மணி ஆச்சு. அவ வீட்டுலயிருந்து இங்க ஏறி வர அஞ்சு நிமிஷம் ஆவாது. ஒத்திகை முடிஞ்சு மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் அவளுக்குத் தண்ணி கொண்டு போயிக் குடுத்தேன்.

போன ஐப்பசியில நெசமாவே சுனாமி எச்சரிக்கைச் சங்கு ஊதினாங்க. எங்கேயோ கடலுக்கு அடியில பூமி ஆடிச்சாம். காலையில பத்து மணி இருக்கும். தொண்டருங்க நாலு பேரு பிளாஸ்டிக் நாற்காலியோட மேலே வந்துட்டாங்க, இவரைத் தூக்க. இவரு வரல. இடது கையால அந்த நிலைக்கட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு. அஞ்சு விரலும் வெளுத்துப் போச்சு. வாயில ஏதோ சத்தம் வருது. என்னையே பார்த்தாரு தம்பி. அவரு என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு வருஷக் குடித்தனம். நாலு பசங்களும் நிக்கறாங்க, கீழே கனகவல்லி புள்ளைங்களோட என் பக்கம் பார்த்துக்கிட்டே ஓடறா, அண்ணி வாங்க வாங்கன்னு கூப்பிடறா. நான் என்ன சொல்ல முடியும் அந்த நேரத்துல? அவரு விரலை ஒவ்வொண்ணா பிரிச்சேன். நான்தான் பிரிச்சேன். தூக்குங்கன்னேன்.

பாலத்துல ஊரே நெருக்கிக்கிச்சு. ஒரு மீன் வண்டி குறுக்கால நின்னு போச்சு. பின்னால வந்தவங்க தள்ளினாங்க, நாற்காலி சாஞ்சு, இவரு கைப்பிடிச் சுவத்தைத் தாண்டிக் கழிச் சேத்துல விழுந்தாரு. மூணு பேரு இறங்கித் தூக்கினாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு. இந்த வயசுல, இந்த உடம்புல ஆபரேசன் தாங்காதுன்னுட்டாங்க. அன்னிக்குக் கடல் ஒரு சாண் கூட ஏறல.

அதோ உள்ளதான் கிடக்கறாரு. நாம பேசறது கேக்கும். காது நல்லா கேக்கும். அன்னியிலேர்ந்து நான் கஞ்சி கொண்டு போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு. வேலாயுதம் பொண்டாட்டி ஊட்டினா சாப்பிடறாரு.

நான் அவளுக்குப் போன் போட்டேன். சுபாஷினிக்கு. பாவி, உன்னால என் புருஷன் இடுப்பொடிஞ்சு கிடக்கறாருன்னேன். கேட்டுட்டு அழுதா. நல்லா அழுதா. அழுதுட்டு என்ன சொன்னா தெரியுமா? "அத்தை, நீங்க சொன்னதைத்தானே நான் எழுதினேன்."

பாருங்க தம்பி. என் மேலயே பழியைத் திருப்பறா. அதான் எனக்கு ஆறல. நான் யாரு? எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை. என் கிட்ட ஒரு கோடு இருக்கு, அது எனக்கு வேணும், நான் ஆமான்னுதான் சொல்லுவேன். அவ படிச்சவ. லட்ச ரூபாய் மெஷினு கையில வச்சிருந்தவ. மெஷினு மூணு தரம் சொல்லுச்சு இல்லன்னு. கட்டின புருஷன் சுவத்தை அடிச்சு சொன்னாரு இல்லன்னு. அத்தனையும் விட்டுட்டு என்னை நம்பினா பாருங்க, அதை நான் துரோகம்னுதான் சொல்லுவேன். நீ பொய் சொல்றே அத்தைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்திருப்பேன். அவ்வளவுதான். இவரு இன்னிக்குக் கட்டில்ல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருப்பாரு.

ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? நான் ஒண்ணும் புதுசா சொல்லலியே. உங்க முகம் போற போக்கைப் பார்த்தா அந்தப் பொண்ணு முகம் மாதிரி ஆவுது. அப்படிப் பார்க்காதீங்க.

நாளைக்குக் கோயிலு முன்னாடி ஊர்க்கூட்டம் வச்சு, ஒவ்வொருத்தரையா திரும்பவும் கேட்டுக் கையெழுத்து வாங்கப் போறீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்களைத் தனியா உக்கார வச்சு இவ்வளவும் சொன்னேன். இந்த மேட்டைப் பச்சையாக்குங்க தம்பி. கனகவல்லி அந்தப் புள்ளைங்களோட இங்க ஏறி வரட்டும். இவரை இனி ஒரு தரம் யாரும் இங்கேயிருந்து தூக்கக் கூடாது. இன்னொரு தரம் தூக்கினா பாலம் வரைக்கும் கூட உசுரு தாங்காது. அதோ தாழம்புதரு இருக்கு, கம்பை எடுத்துக்கிட்டுப் போயி அங்கேயிருந்து இங்க அளந்துக்குங்க. உங்க மெஷினு சொல்றதை எழுதிக்குங்க. என் பேரை எழுதாதீங்க.

பேரு இல்லாம படத்தை மாத்த முடியாதா? ஏற்கெனவே கைரேகை வச்சவங்களே மாத்திச் சொல்லணுமா?

அப்போ கேட்டுக்குங்க. கனகவல்லி முன் வரிசையிலதான் உக்காருவா, எப்பவும் அங்கதான் உக்காருவா. என் பையன் குடியிருக்கற வீட்டுல இருவது வருஷமா அவ இருந்திருக்கணும். அவளைப் பார்த்துக்கிட்டு நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். நீங்க நல்ல புள்ளையா இருக்கீங்க, இப்பவே சொல்லிடறேன். ஊரு முன்னாடி என்னைக் கேட்டீங்கன்னா, மாரு உசரத்துக்குத் தண்ணி வந்துச்சுன்னுதான் சொல்லுவேன்.